விளாதிமிர் என்றால் ‘உலகை ஆள்பவன்’ என்று பொருளா?

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதினும் உக்ரைன் அதிபர் வொலொதிமிர் ஜெலென்ஸ்கியும் ஒரே பெயர் கொண்டவர்களா? குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் போட்டிருப்பதுபோல் அந்தப் பெயருக்கு ‘உலகை ஆள்பவன்’ என்றுதான் பொருளா? வலோத்யா, வோவா, விளாத் என்று ரஷ்யக் கதைகளில் வருபவர்களும் விளாதிமிர்களா?

முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்கு இல்லை, ஆனால் அந்தத் தவறான பொருளுக்கே ஆயிரம் ஆண்டு வயது இருக்கும். மூன்றாவதில் வலோத்யாவும் வோவாவும் ஐயமின்றி விளாதிமிர்கள். விளாத் பற்றி ரஷ்யர்களே சண்டையிட்டுக்கொள்வார்கள்.

பொருளிலிருந்து தொடங்குகிறேன். பழைய ஸ்லாவியப் பெயர்களில், குறிப்பாக அரச குலத்தாரின் பெயர்களில், இரண்டு சொற்களை ஒட்டி ஒன்றாக்கும் வழக்கம் இருந்தது. யாரொஸ்லாவ், ஸ்வியதஸ்லாவ், மிஸ்திஸ்லாவ், பொலெஸ்லாவ் ஆகிய நான்கிலும் ‘ஸ்லாவ்’ என்பது புகழைக் குறிக்கும் பின்பாதி. முன்பாதி மட்டும் மாறுகிறது. தாத்தாவின் பெயரில் ஒரு பாதியை எடுத்துப் பேரனுக்கு வேறொரு பாதியோடு சேர்த்து வைப்பார்கள். ஆகவே இந்தப் பெயர்களை முழு வாக்கியமாகப் பிரித்து ‘இன்னதைச் செய்பவன்’ என்று பொருள் சொல்வது பல நேரம் வீண்வேலை. மதிப்புள்ள இரண்டு சொற்கள் அருகருகே நிற்கின்றன, அவ்வளவே.

நம் பெயரின் முன்பாதியில் சிக்கல் இல்லை. ஆதி ஸ்லாவியத்தில் ‘வொல்த்’ என்றிருந்த அந்த வேருக்கு ஆளுதல், அடக்கி வைத்திருத்தல் என்று பொருள். ஜெர்மன் மொழியில் ‘வால்ட்டன்’ என்று இன்றும் இருக்கும் வினைச்சொல்லும், வால்ட்டர், ஹெரால்ட் போன்ற பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும் ‘வால்ட்’ என்ற பகுதியும் இதன் உறவுகள்.

தகராறு பின்பாதியில்தான். இன்றைய ரஷ்யன் ஒருவன் காதில் அது ‘மிர்’ என்று விழுகிறது. ரஷ்ய மொழியில் மிர் என்றால் உலகம். மிர் என்றால் அமைதியும்கூட. உடனே ‘உலகை ஆள்’ என்றோ ‘அமைதியோடு ஆள்’ என்றோ பொருள் கிடைத்துவிடுகிறது. ஆனால் பழைய ஏடுகளைப் பார்த்தால் எழுத்து வேறாக இருக்கிறது. 1377-இல் லவ்ரென்தி என்ற துறவி படியெடுத்த ஆண்டுவரலாற்றில், கியேவை ஆண்ட விளாதிமிர் என்ற அரசனின் பெயர் பெரும்பாலும் ‘வொலொதிமெர்’ என்றே வருகிறது. மொழியியலாளர்கள் மீட்டெடுக்கும் ஆதி வடிவத்திலும் அந்த இடத்தில் இருப்பது இகரம் இல்லை. ‘யாத்’ என்ற எழுத்தால் குறித்த, ஏகாரத்துக்கு நெருங்கிய ஓர் ஒலி. அந்த ‘மேர்’ என்ற சொல்லுக்குப் பெரிய, பேர்பெற்ற என்று பொருள். கோதிக் மொழியில் ‘மேர்ஸ்’ என்றால் புகழ்பெற்றவன். டீட்மார், ஃபோல்க்மார் என்று ஜெர்மானியப் பெயர்களின் வாலில் வரும் ‘மார்’ அதன் கிளை. ஐரிஷ் மொழியில் பெரியது என்ற பொருளில் இன்றும் புழங்கும் ‘மோர்’ என்ற சொல்லையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பார்கள். ஸ்லாவியர்கள் இதை ஜெர்மானியரிடமிருந்து கடன் வாங்கினார்களா, இரு தரப்பும் பொது மூதாதையிடமிருந்து பெற்றதா என்ற விவாதம் முடியவில்லை. எப்படியிருந்தாலும் ‘ஆட்சியில் பெரியவன்’ என்பதுதான் மூலப்பொருளுக்கு நெருக்கமானது.

பிறகு ‘மேர்’ என்ற சொல் ஸ்லாவியப் பேச்சிலிருந்து மறைந்தது. பொருள் தெரியாத வாலை வைத்துக்கொண்டு மக்கள் என்ன செய்வார்கள்? தெரிந்த சொல்லுக்கு இழுத்துவிட்டார்கள். மேர் மிர் ஆயிற்று. 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ரஷ்யத்தில் ‘உலகம்’ என்ற மிருக்கும் ‘அமைதி’ என்ற மிருக்கும் தனித்தனி இகர எழுத்துகள் இருந்தன. பெயரை எழுதும்போது பலரும் உலகத்துக்குரிய இகரத்தையே போட்டார்கள். எழுத்தே பொருளைத் திணித்தது என்று சொல்லலாம். இணையப் பட்டியல்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சரி, விளாதிமிரும் வொலொதிமிரும் எப்படிப் பிரிந்தார்கள்? இங்கே ஓர் ஒலி விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயப்பட வேண்டாம், எளிமையானது. ஆதி ஸ்லாவியத்தில் இரண்டு மெய்களுக்கு நடுவே ‘ஒல்’, ‘ஒர்’ என்று வந்த இடங்களை ஒவ்வொரு கிளையும் தன் போக்கில் மாற்றியது. பல்கேரியர், செர்பியர் முதலிய தெற்கு ஸ்லாவியரும், வடக்கே செக் மக்களும் ‘லா’, ‘ரா’ என்று புரட்டினார்கள். போலந்துக்காரர்கள் ‘லொ’, ‘ரொ’ என்றார்கள். ரஷ்யர், உக்ரைனியர், பெலரூசியர் ஆகிய மூவருக்கும் மூதாதையான கிழக்கு ஸ்லாவியர் இருபுறமும் உயிர் சேர்த்து ‘ஒலொ’, ‘ஒரொ’ என்று நீட்டினார்கள். நகரம் என்பதற்கான சொல் தெற்கு ஸ்லாவியத்தில் ‘கிராத்’, கிழக்கு ஸ்லாவியத்தில் ‘கோரொத்’. தலை என்பதற்கான சொல் தெற்கில் ‘கிளாவா’, கிழக்கில் ‘கொலொவா’. அதே கணக்கில் தெற்கில் விளாதிமேர், கிழக்கில் வொலொதிமேர்.

அப்படியானால் ரஷ்யரும் வொலொதிமிர் என்றல்லவா சொல்ல வேண்டும்? சொல்லத்தான் சொன்னார்கள். ஆனால் கியேவுக்குக் கிறித்தவம் வந்தபோது வேத நூல்களும் வழிபாட்டு மொழியும் பல்கேரியா வழியாக, தெற்கு ஸ்லாவிய உடையில் வந்தன. அதைச் சர்ச் ஸ்லாவியம் என்பார்கள். கோயில், அரசாணை, காசு, கல்வெட்டு எல்லாவற்றிலும் அந்த மொழியின் வாடை. கியேவ் அரசன் விளாதிமிர் அடித்த வெள்ளிக் காசுகளிலேயே ‘விளாதிமிர் அரியணையில், இது அவர் வெள்ளி’ என்று தெற்கத்திய வடிவத்தில்தான் பொறித்திருக்கிறார்கள். வெள்ளி என்ற சொல்லும் தெற்கத்திய ‘ஸ்ரெப்ரொ’தான், கிழக்கத்திய ‘செரெப்ரொ’ அல்ல. பிற்காலத்தில் ரஷ்ய மொழி ஏட்டுப் பெயராக விளாதிமிரை நிலைநிறுத்தியது. உக்ரைனியம் நாட்டு வழக்கான வொலொதிமிரையே ஏட்டிலும் வைத்துக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ரஷ்யர்களின் செல்லப் பெயர். விளாதிமிரை வீட்டில் கூப்பிடும்போது அவர்கள் சொல்வது வலோத்யா. எழுத்தில் அது ‘வொலொத்யா’; முதல் ஒகரம் அழுத்தம் பெறாததால் அகரமாகத் தேய்கிறது. அந்த ‘ஒலொ’ எங்கிருந்து வந்தது? பழைய நாட்டு வடிவமான வொலொதிமேரிலிருந்து. கோயிலும் அரசும் பெயரை மாற்றின, அம்மாக்கள் மாற்றவில்லை. ஏட்டில் கிருஷ்ணன் என்று இருப்பவன் வீட்டில் கிட்டு ஆவதை அறிந்த நமக்கு இது வியப்பில்லை. ஆனால் ‘விளாதிமிர் அசல், வொலொதிமிர் திரிபு’ என்று ரஷ்யாவில் சிலர் பேசுவதைக் கேட்கும்போது, அப்படிப் பேசுபவரின் பாட்டி அவருடைய மாமாவை எப்படி அழைத்தார் என்று கேட்கத் தோன்றும். எதிர்த்தரப்பிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். விளாதிமிர் என்ற வடிவம் மாஸ்கோவில் பிற்காலத்தில் இட்டுக்கட்டியது என்பதும் பொய். கியேவ் அரசனின் காசே சாட்சி.

அந்த அரசனுக்கு முன்பே பெயர் ஏடேறிவிட்டது. நன்கறியப்பட்ட முதல் விளாதிமிர், 889 முதல் 893 வரை பல்கேரியாவை ஆண்டவன். அவன் தந்தை போரிஸ் நாட்டைக் கிறித்தவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மடத்தில் ஒதுங்கினார். மகன் பழைய தெய்வ வழிபாட்டுக்குத் திரும்பப் பார்த்தான். தந்தை மடத்திலிருந்து வெளியே வந்து மகனைப் பதவியிறக்கி, கண்களைப் பறித்து, இளைய மகன் சிமியோனை அரியணையில் ஏற்றினார். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 988-இல், கியேவின் விளாதிமிர் தன் மக்களை ஞானஸ்நானத்துக்கு அனுப்பினார். ஒருவன் கிறித்தவத்தை விரட்ட முயன்றவன், மற்றவன் கொண்டுவந்தவன், பெயர் ஒன்று.

கியேவ் அரசனின் ஞானஸ்நானப் பெயர் விளாதிமிர் அல்ல. கிறித்தவப் புனிதர் எவருக்கும் அப்போது அந்தப் பெயர் இல்லை. அது ‘புறச்சமய’ப் பெயர். ஆகவே அவர் வசீலி ஆனார். அவர் மணந்த அன்னா, பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசிலின் தங்கை. பசில்தான் ஸ்லாவிய வாயில் வசீலி. இந்த இரட்டைப் பெயர் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1053-இல் பிறந்த அவருடைய கொள்ளுப்பேரன் விளாதிமிர் மோனமாக், தன் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த அறிவுரையின் தொடக்கத்திலேயே, ஞானஸ்நானத்தில் தனக்கு இட்ட பெயர் வசீலி என்றும் ரஷ்யப் பெயர் வொலொதிமிர் என்றும் சொல்லிக்கொள்கிறார். ஒரே ஆளுக்குக் கோயிலில் ஒன்று, அரசவையில் ஒன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கியேவின் விளாதிமிர் புனிதராக ஏற்கப்பட்டிருந்தார். அதோடு பெயருக்கே பாவமன்னிப்பு கிடைத்ததுபோல் ஆயிற்று. நேரடியாக ஞானஸ்நானத்தில் வைக்கலாம் என்ற நிலை வந்தது. இது சின்ன விஷயமல்ல. நூற்றுக்கணக்கான பழைய ஸ்லாவியப் பெயர்கள், புனிதர் ஒருவர் வாய்க்காத ஒரே காரணத்தால், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் நாடுகளில் புழக்கம் இழந்தன. அவற்றின் இடத்தை இவான், பியோத்தர், நிக்கொலாய் என்று கிரேக்கமும் எபிரேயமும் பிடித்துக்கொண்டன. தப்பிய சிலவற்றுள் விளாதிமிர் ஒன்று. அப்படியும் அது நெடுநாள் பிரபுக் குடும்பங்களில்தான் அதிகம் புழங்கியது. குடியானவன் வீட்டில் இவான்தான். இருபதாம் நூற்றாண்டில்தான் அது எல்லார் வீட்டுக்கும் வந்தது. அதற்கு 1870-இல் சிம்பிர்ஸ்க் நகரில் பிறந்த ஒரு வலோத்யா பெரிய காரணம்: விளாதிமிர் இலியீச் உலியானவ், அதாவது லெனின். அவர் பெயரை அப்படியே வைத்ததோடு சோவியத் பெற்றோர் நிற்கவில்லை. விளாதிமிரையும் லெனினையும் சேர்த்து விளாத்லென் என்றார்கள், வி. இ. லெனின் என்பதைச் சுருக்கி வீலென் என்றார்கள். நினெல் என்று பெண் குழந்தைக்கு வைத்தார்கள். ரஷ்ய எழுத்தில் லெனினைப் பின்னாலிருந்து படித்தால் வருவது அது.

தெற்கிலும் ஒரு புனிதர் உண்டு. இன்றைய மாண்டினீக்ரோ பகுதியில் இருந்த துக்ளியா நாட்டை ஆண்ட யொவான் விளாதிமிர், 1016-இல் பிரெஸ்பா ஏரிக்கரையில் பல்கேரிய அரசன் இவான் விளாதிஸ்லாவின் ஆணையால் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவன் பெயரிலும் அதே முன்பாதி இருப்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பெயர் ஸ்லாவிய எல்லையைத் தாண்டிய கதைதான் இன்னும் சுவையானது. கியேவ் அரசகுலத்தின் வேர் ஸ்காண்டிநேவியாவில் இருக்கிறது. ஒலெக், இகோர், ஓல்கா ஆகிய பெயர்கள் ஹெல்கி, இங்வார், ஹெல்கா என்ற வடநாட்டுப் பெயர்களின் ஸ்லாவிய வடிவங்கள். கொடுத்த நாட்டுக்கே ஒரு பெயர் திரும்பிப் போனது. மோனமாக்கின் மகன் மிஸ்திஸ்லாவ். அவர் மகள் இங்கெபோர்க் டென்மார்க்கின் கனூத் லவார்டை மணந்தாள். 1131 ஜனவரி 7 அன்று கனூத் கொலையுண்டார். ஒரு வாரம் கழித்துப் பிறந்த மகனுக்குத் தாய்வழிப் பூட்டன் மோனமாக்கின் பெயரை வைத்தார்கள். வடநாட்டார் வாயில் அது வால்டமார். ஒலிக்கு ஒலி பொருத்தியதாகத் தோன்றினாலும், இரண்டு பாதிகளும் ஜெர்மானியத்தில் ஏற்கெனவே இருந்த உறவுச் சொற்களாக அமைந்துவிட்டதால், அது அங்கேயே பிறந்த பெயர்போல் ஒட்டிக்கொண்டது. அந்தக் குழந்தைதான் பின்னாளில் டென்மார்க்கின் மகா வால்டமார். அவருக்குப் பின் அந்த அரியணையில் வேறு வால்டமார்களும் வந்தார்கள். ஜெர்மனியில் வால்டெமார், ஐஸ்லாந்தில் வால்டிமார், லாத்வியாவில் வோல்டெமார்ஸ் என்று அது பால்டிக் கடலைச் சுற்றிப் பரவியது. ‘மேர்’ என்ற பழைய பாதியின் பொருளைத் தொலைக்காமல் வைத்திருப்பது விளாதிமிரைவிட இந்த வால்டமார்தான் என்பது வேடிக்கை.

ஊர்ப் பெயர்களிலும் இவர் இருக்கிறார். மாஸ்கோவுக்குக் கிழக்கே விளாதிமிர் நகரம். மேற்கு உக்ரைனில் வொலொதிமிர் நகரம். பிந்தையதன் பெயர் 2021 வரை வொலொதிமிர்-வொலின்ஸ்கி. நாடாளுமன்றம் வாலை வெட்டிப் பழைய பெயரைத் திருப்பித் தந்தது. அந்த ஊரின் பெயரை லத்தீனில் எழுதப்போய், முதல் எழுத்து உதிர்ந்து ‘லொதொமேரியா’ ஆனது. 1772 முதல் 1918 வரை ஆஸ்திரியப் பேரரசில் ‘கலீசியா-லொதொமேரியா அரசு’ என்று ஒரு மாகாணம் இருந்தது. அந்தப் பட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஊரோ 1795-இல் ரஷ்யாவிடம் போய்விட்டது. ஊர் இல்லாமல் ஊர்ப்பெயரை மட்டும் நூறாண்டுக்கு மேல் சூடிக்கொண்டிருந்தார்கள். விளாதிவஸ்தோக் நகரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது விளாதிமிர் பெயரால் அமைந்த ஊர் அல்ல. ‘கிழக்கை ஆள்’ என்ற பொருளில், விளாதிகவ்காஸ் என்ற முந்தைய கோட்டைப் பெயரைப் பார்த்துச் செய்தது. வேர் மட்டும் பொது.

மற்ற மொழிகளில் போலந்தின் வ்வொஜிமியெஷ் கேட்க அந்நியமாக இருந்தாலும், மேலே சொன்ன ‘லொ’ விதிப்படி பிறந்த அதே பெயர்தான். பழைய ‘மேர்’ அதில் மியெஷ் ஆக உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் வ்வோதெக். பெலரூசியத்தில் உலாத்ஸிமிர், அங்கே தொடக்க வகரம் உகரமாகிவிடுகிறது. செக் மொழியில் விளாத்யா என்றும், செர்பியத்தில் விளாதா, விளாதொ என்றும் செல்லமாக அழைப்பார்கள். பெண்களுக்கு செக், ஸ்லோவாக் வழக்கில் விளாதிமீரா உண்டு.

ரஷ்யச் செல்லப் பெயர்களைத் தெரிந்துகொள்ளாமல் ரஷ்ய நாவல் படிக்க முடியாது. சோவியத் காலத்து மாஸ்கோ மொழிபெயர்ப்புகளைத் தமிழில் படித்தவர்களுக்கு, ஒரே அத்தியாயத்தில் ஒரே ஆள் மூன்று பெயரில் வந்து குழப்பிய அனுபவம் இருக்கும். விளாதிமிர் என்பது அடையாள அட்டையில். மரியாதையாக அழைக்க வேண்டுமானால் தந்தை பெயரையும் சேர்க்க வேண்டும்: விளாதிமிர் விளாதீமிரொவிச். புதின் மட்டுமல்ல, கவிஞர் மயகோவ்ஸ்கியும் எழுத்தாளர் நபோக்கவும்கூட விளாதிமிர் விளாதீமிரொவிச்கள்தான். மூவருக்கும் தந்தை பெயரே மகன் பெயர். நண்பர்களுக்கு வலோத்யா. அதையும் குறுக்கினால் வோவா. கொஞ்சினால் வொலோதென்கா, வோவச்கா. இளப்பமாகவோ தோழமையாகவோ வோவ்கா. இவர்களில் வோவச்காவுக்குத் தனிப் புகழ் உண்டு. ரஷ்ய நகைச்சுவைத் துணுக்குகளில் ஆசிரியையைத் திணறடிக்கும் குறும்புக்காரப் பள்ளிச் சிறுவனுக்கு அதுதான் நிலையான பெயர். வலோத்யாவிலிருந்து வொலோதின் என்ற குடும்பப் பெயரும் பிறந்திருக்கிறது.

விளாத் தனி வழக்கு. ருமேனியாவில் அது முழுப்பெயர்; பதினைந்தாம் நூற்றாண்டில் வலாக்கியாவை ஆண்ட, கழுவேற்றுவதில் பேர்போன மூன்றாம் விளாத் அனைவருக்கும் தெரிந்தவர். ரஷ்யாவிலோ அது சுருக்கம். விளாதிஸ்லாவ் என்ற இன்னொரு பெயருக்கே அது உரியது, விளாதிமிரை அப்படி அழைக்கக் கூடாது என்பது மூத்த தலைமுறையின் உறுதியான கருத்து. அமெரிக்காவுக்குக் குடியேறிய விளாதிமிர்கள் பலர் வசதிக்காக விளாத் ஆகிவிடுகிறார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் புதினைக் கிண்டலாக ‘விளாத்’ என்று எழுதும்போது ரஷ்யர்களுக்குச் சிரிப்பு வருவது இதனால்தான். ஆள் மாறிவிட்டது என்பார்கள். விளாதிஸ்லாவுக்கு வேறொரு பெரிய குடும்பம் இருக்கிறது. லாதிஸ்லாவ், ஹங்கேரியின் லாஸ்லோ எல்லாம் அந்த வழி. அவற்றை விளாதிமிரின் வடிவங்கள் என்று எழுதும் பட்டியல்களை நம்ப வேண்டாம்.

உச்சரிப்பிலும் ஒன்று. ரஷ்யத்தில் அழுத்தம் நடு அசையில் விழுகிறது, முதல் அசை குறுகுகிறது: விளதீமிர். நபோக்கவ் ஆங்கிலேயருக்கு இதை விளக்க, ‘ரிடீமர்’ என்ற சொல்லோடு இயைபாக வரும் என்று சொல்லிக்கொடுத்தார். நம் செய்தித்தாள்கள் எழுதும் விளாடிமிர் என்ற வடிவம், முதல் அசையை நீட்டுவதால், ரஷ்யரைவிடச் செர்பியர் வாய்க்கு நெருக்கம். பழகிப்போன வடிவம் என்பதால் நானும் அப்படியே நீட்டி எழுதுகிறேன். உக்ரைனியத்திலும் அழுத்தம் அதே நடு அசையில்தான்.

2016-இல் மாஸ்கோ கிரெம்ளினின் மதிலுக்கு வெளியே அரசர் விளாதிமிருக்குப் பெரிய சிலை எழுப்பியபோது, 1853 முதல் தங்கள் குன்றின்மேல் நிற்பவரை மாஸ்கோ எடுத்துக்கொள்வதாகக் கியேவில் பலர் கொதித்தார்கள். 2022 போருக்குப் பிறகு பெயரின் எழுத்துக்கூட்டே அரசியல் ஆகிவிட்டது. ஜெலென்ஸ்கி ரஷ்ய மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். ரஷ்யப் பத்திரிகைகள் அவரை இன்றும் விளாதிமிர் என்றே எழுதுகின்றன. ரஷ்யத்தில் எழுதும்போது உக்ரைனியப் பெயர்களை ரஷ்ய வடிவத்துக்கு மாற்றுவது நெடுநாள் மரபு. உக்ரைனியத்திலும் புதின் வொலொதிமிர்தான். அந்த இரு மொழிகளுக்குள் அது பரஸ்பர வழக்கம் என்று விட்டுவிடலாம். தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவரவர் நாட்டு ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி எழுதுவதே முறை: புதின் என்றால் விளாதிமிர், ஜெலென்ஸ்கி என்றால் வொலொதிமிர். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கியேவ் அரசரைப் பற்றி எழுதும்போது இரண்டில் எது வந்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்; அவர் காசில் ஒன்று இருக்கிறது, அவர் பெயரைச் சொல்லும் ஆண்டுவரலாற்றில் மற்றது இருக்கிறது.